டாக்டருக்கு டவுட்

எனக்கு மைக் கொடுத்தால் பேச வராது. இருபத்து மூன்று வருஷம் மற்றவர்கள் மைக்கில் பேசியதைக் காதில் வாங்கியே பிழைத்தவள் நான். என் வழியனுப்பு விழாவில், "புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க வசந்தாக்கா" என்று நீங்கள் கேட்டபோது, கேக்கை வாய் நிறையப் போட்டுக்கொண்டு தப்பித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டுச் சமையலறை மேடையில் நோட்டை வைத்து எழுதுகிறேன், குக்கர் சத்தத்துக்கு நடுவே. உங்களில் பாதிப் பேர் சேலம், வேலூர், திருநெல்வேலி என்று வந்தவர்கள், படித்துக்கொள்வீர்கள். கன்னடப் பிள்ளைகளுக்கு யாராவது வாசித்துச் சொல்லிவிடுங்கள்.

வெளியாள் யார் கையிலாவது இது கிடைத்தால் முழிக்க வேண்டாம் என்று நம் வேலையைப் பற்றி நாலு வரி. கடல் கடந்த ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ஸ்கேன் படங்கள் விவேக் நகரில் இருக்கிற நம் ஆபீசுக்கு வரும். அங்கே நடுநிசி என்றால் இங்கே பட்டப்பகல். அந்த ஊர் டாக்டர்கள் தூங்கும் நேரத்தில் நம் டாக்டர்கள் படத்தைப் பார்த்து, கண்டதை ஆங்கிலத்தில் மைக்கில் சொல்வார்கள். ஹெட்ஃபோனில் அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்து அனுப்புவது என் போன்றவர்களின் வேலை. இப்போது கம்ப்யூட்டரே முதலில் அடித்துவிடுகிறது, நீங்கள் கேட்டுத் திருத்துகிறீர்கள். வேலை மாறவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் சில சொற்கள் இருக்கின்றன. மே பி, லைக்லி, பாஸிப்ளி, ப்ராபப்ளி, அப்பியர்ஸ், சஜஸ்டிவ் ஆஃப். ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது அதைக் கெட்டியாகப் பிடிக்காமல், விரல் நுனியால் தொட்டுக் காட்டுகிற சொற்கள். பார்ப்பதற்கு சாம்பாரில் கிடக்கிற கறிவேப்பிலை மாதிரி இருக்கும், ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் போலத் தோன்றும். நான் பல காலம் அப்படி ஒதுக்கியவள்தான்.

முதலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து மூன்றாவது மாதம். அப்போதெல்லாம் நாங்களே ஃபோனை எடுத்துப் பதில் சொல்லலாம். ஒரு வெளிநாட்டு டாக்டர் கூப்பிட்டு, இன்ன ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியாது. அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. நம் வீட்டில் "சாவி எங்கே?" என்றால் "ஆணியில இருக்கும்" என்போமே, அந்த நினைப்பில் வாய் நிறைய "இட் வில் பி தேர்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரிப்போர்ட் இங்கே அடிக்கப்படவே இல்லை. பிறகு வந்த ஃபோனில் எனக்கு விழுந்த அர்ச்சனையை எழுத மாட்டேன்.

பக்கத்து மேஜையில் நோரின் இருந்தாள். என் வயதுதான், ஆங்கிலோ இந்தியக் குடும்பம், வீட்டுப் பேச்சே இங்கிலீஷ். தமிழைக் காய்கறி வாங்கும் அளவுக்கு நன்றாகப் பேசுவாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாட் மென் வசந்தா! வில் சொன்னா அது ப்ராமிஸ். நீ ப்ராமிஸ் பண்ணியா, கெஸ் பண்ணியா?"

"இருக்கும்னு சொன்னேன்டி."

"அதான் கேக்கறேன். இருக்கும்னா வில்லா, மேயா?"

பிறந்ததிலிருந்து பேசுகிற சொல், அதற்குள் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அதே கிண்டல்தான். "பஸ் வரும்" என்றால் "வில்லா, மேயா?" "சம்பளம் போட்டிருப்பாங்க" என்றால் "வில்லா, மேயா?" எரிச்சலாக வரும், ஆனாலும் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

அடுத்தது நான் செய்த தப்பு. எனக்குக் கை வேகம் அதிகம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். மேலே இருப்பவர்கள், ரிப்போர்ட் சுருக்கமாக, கறாராக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். டாக்டர் "தேர் அப்பியர்ஸ் டு பி எ ஸ்மால் ஷேடோ", சின்ன நிழல் இருப்பதுபோலத் தெரிகிறது, என்றால் நான் "தேர் இஸ் எ ஸ்மால் ஷேடோ" என்று அடிப்பேன். மனிதர் இழுத்து இழுத்துப் பேசுகிறார், நாம் இஸ்திரி போட்டுக் கொடுப்போம் என்ற எண்ணம். வசந்தா அடித்தால் கல்லில் வெட்டியது போல இருக்கும் என்று பேர் வேறு வாங்கிவிட்டேன். தலை கால் புரியவில்லை எனக்கு.

ஒரு நாள் ஒரு டாக்டர் என் மேஜைக்கு வந்தார். பேர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. கையில் என் ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதி. மூன்று இடத்தில் சிவப்பு மையில் "அப்பியர்ஸ்" என்று திருப்பி எழுதியிருந்தார். கோபமே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் பாக்காதத நீங்க எப்படிப் பாத்தீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நான் பாத்தது நிழல் மாதிரி ஒண்ணு. நிழலேதான்னு எனக்குத் தெரியல. படத்தப் பாத்த எனக்கே தெரியல, பாக்காத உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அன்று மதியம் அவருடைய பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டேன். ஒன்று கேட்டது, அதுவரை கேட்காதது. "நோ ஃப்ராக்சர்" என்று சொல்லும்போது அவர் குரல் தார் ரோட்டில் வண்டி மாதிரி ஓடுகிறது. "அப்பியர்ஸ்" என்பதற்கு முன்னால் நிற்கிறது. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி. நாற்காலி கிறீச்சிடும். முன்னால் சாய்ந்து திரையை உற்றுப் பார்க்கிறார் என்று தெரியும். மூச்சு வெளியே வரும், அதற்குப் பிறகுதான் சொல் வரும்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் படுத்திருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் படித்த ஒருவர் இங்கே அந்த உடம்பின் உள்ளே பார்த்துவிட்டு, எனக்கு இவ்வளவுதான் தெரிகிறது, இதற்கு மேல் தெரியவில்லை என்று அளந்து வைக்கிறார். அந்த அளவுதான் அந்தச் சொல். கூட்டினாலும் பொய், குறைத்தாலும் பொய். நான் இத்தனை நாள் அந்த அளவுகோலைத்தான் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி சொல்லப்போவதுதான் உங்களுக்காக நான் பத்திரமாக வைத்திருப்பது. நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அன்று வியாழக்கிழமை. விவேக் நகரில் வியாழன் என்றால் குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் ரோடு நகராது, உங்களுக்கே தெரியும். அந்த ஷிஃப்டில் ஒரே டாக்டர்தான். சேலம் பக்கத்துப் பையன், முப்பது வயதைத் தாண்டியிருக்கும். தங்கமான டாக்டர். கண் அவ்வளவு கூர்மை. மற்றவர்கள் விட்டதைப் பிடிப்பார். ஆனால் பேசுகிற ஆங்கிலம் நம் ஆங்கிலம்தான், தமிழில் யோசித்து வருகிற ஆங்கிலம். அதனாலேயே அவர் பதிவு எனக்கு ரொம்ப எளிது. அவர் வாய் திறப்பதற்கு முன்னால் என் கை அடித்துவிடும்.

மதியம் ஒரு மணிக்கு ஒரு தலை ஸ்கேன். அறுபத்தேழு வயதுப் பெண்மணி, குளியலறையில் வழுக்கி விழுந்தவர், தலைவலி என்று அவசர சிகிச்சைக்கு வந்திருக்கிறார். டாக்டர் சொன்னார், நான் அடித்தேன். எலும்பு முறிவு இல்லை. வீக்கம் இல்லை. கடைசியில் இந்த வரி: "ஐ டவுட் எ தின் ப்ளீட் ஆன் த லெஃப்ட் சைட். கோரிலேட் கிளினிக்கலி." அதாவது நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது. நம்மூர் காதில் இது எப்படி விழும்? இடது பக்கம் மெல்லிசா ரத்தக்கசிவு இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து, அனுப்பி, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனேன். டாக்டரும் வெளியே சாப்பிடப் போய்விட்டார்.

நோரின் கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வானம் கறுத்திருந்தது.

"குடை எடுத்துட்டுப் போடி, மழை வரப்போவுது."

நோரின் வானத்தை ஒரு பார்வை பார்த்தாள். "ஐ டவுட் இட்" என்று சொல்லிவிட்டு, குடையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

நான் தயிர்சாதத்தை எடுத்து வாயில் வைத்தேன். இவளுக்கு என்ன கிறுக்கு, மழை வருமோ என்று சந்தேகம் இருந்தால் குடையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நினைத்தேன். இரண்டாவது கவளத்தை எடுத்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டேன். அவள் சொன்னது மழை வருமோ என்கிற சந்தேகம் இல்லை. அவளுடைய டவுட்டுக்கு அர்த்தமே வேறு. அவள் டவுட் என்றால் வராது. நாம் டவுட் என்றால் வந்தாலும் வரும். ஒரே சொல்தான், அவளுக்குக் குடை வேண்டாம், நமக்குக் குடை வேண்டும்.

அந்தக் கடல் கடந்த ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் நோரின் மாதிரி படிப்பார்களே தவிர என்னை மாதிரியா படிப்பார்கள்? ரத்தக்கசிவு இருக்காது, வீட்டுக்கு அனுப்பலாம் என்றுதானே அந்த வரி அவர்களிடம் சொல்லும்?

கை கழுவக்கூட இல்லை. ஜன்னலுக்கு ஓடி, தெருவில் இறங்கிவிட்ட நோரினைக் கத்திக் கூப்பிட்டேன்.

"நோரின்! டாக்டர் பிரியாணிக் கடையில இருப்பார். இழுத்துட்டு வா! உடனே!"

அந்த அவசரத்திலும் கீழேயிருந்து பதில் வருகிறது: "இருப்பார்னா வில்லா, மேயா?"

"அடியே போடி!"

டாக்டரின் செல்ஃபோன் அவர் மேஜையிலேயே சார்ஜில் கிடந்தது. நான் என் இடத்துக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிப் பதிவை மறுபடி ஓடவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவர் நம்மூர் டவுட் சொன்னாரா, நோரின் டவுட் சொன்னாரா? "நோ ஃப்ராக்சர்" தடையில்லாமல் ஓடியது. "நோ ஸ்வெல்லிங்" ஓடியது. அதற்குப் பிறகு நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்றாவது விநாடி. மூச்சு. "ஐ டவுட்." இல்லை என்று சொல்ல ஒரு மனிதன் அவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பானா? இல்லாத ஒன்றுக்கு இடது பக்கம் எதற்கு, மெல்லிசு எதற்கு? இருந்தாலும் நான் டாக்டர் இல்லை. படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் இருந்ததெல்லாம் மூன்று விநாடி மௌனம்தான்.

வெளிநாட்டுக்குப் பேசுகிற ஃபோன் சூப்பர்வைசர் மஞ்சுநாத் சாரிடம் மட்டும்தான். டைப்பிஸ்ட் யாரும் ஆஸ்பத்திரியைக் கூப்பிடக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். நல்ல விதிதான், தெரியாதவர்கள் மருத்துவம் பேசக் கூடாது. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"வசந்தா அவரே, ரூல்ஸ் கொத்தில்வா நிமகே?"

"கொத்து சார். நல்லாத் தெரியும்."

"டாக்டர் வரட்டும். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல அந்தம்மாவ அனுப்பிட்டாங்கன்னா?"

"நீங்க நினைக்கிறது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா அவங்க கொஞ்சம் லேட்டா வீட்டுக்குப் போவாங்க சார். சரியா இருந்தா?"

அவர் என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா, இந்த வேலையை நம்பி இருப்பவர். பயம் முகத்திலேயே தெரிந்தது. ரிசீவரை எடுத்து எண்களை அழுத்தினார்.

"டயல் மாடறது நான். பேசறது நீங்க. டயல் மாடக் கூடாதுன்னு ரூல்ஸ்ல இல்ல" என்று என்னிடம் நீட்டினார்.

ஒரு நர்ஸ் எடுத்தார், டாக்டரைக் கூப்பிட்டார். வந்தது பெண் குரல், தூக்கமில்லாத குரல். பேசியது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்தப் பெண்மணியின் ரிப்போர்ட்டை அடித்த டைப்பிஸ்ட் நான் என்றேன். ரிப்போர்ட் பார்த்துவிட்டேனே, ரத்தக்கசிவு இருக்காது என்று வந்திருக்கிறதே, அவர் கிளம்பிக்கொண்டிருக்கிறார், ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றார் அவர்.

ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். அதுவரை எனக்கு அவர் வயதும் எண்ணுமாக இருந்தவர். இப்போது ஒரு காலை ஷூவில் நுழைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த வரி நீங்கள் படித்த அர்த்தத்தில் சொல்லப்படாமல் இருந்திருக்கலாம்" என்றேன். "எங்கள் ஊரில் 'ஐ டவுட்' என்றால், இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன் என்றும் பொருள் கொள்வோம்."

"ரத்தக்கசிவு இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இருக்கிறது என்று சொன்னால் உடனே நிறுத்தி வைப்பார், நான் நினைத்தது நடந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அது பழைய வசந்தாவின் இஸ்திரி வேலை. டாக்டர் பார்க்காததை நான் பார்ப்பது. நாளைக்கு அந்த ஒரு சொல்லை நம்பி அவருக்கு என்னென்ன செய்வார்கள், எனக்குத் தெரியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டு கதவுக்கும் நடுவே ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு இடம் இருக்கிறது. நான் அத்தனை வருஷம் கறிவேப்பிலையாக ஒதுக்கிய சொற்கள்தான் அந்த இடத்தில் நிற்கத் தெரிந்தவை. அன்று அவற்றைத் தவிர என்னைத் தாங்க வேறு எதுவும் இல்லை.

"என்னால் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது டாக்டர். இருக்கலாம். எங்கள் டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். அவர் பேசும்வரை தயவுசெய்து அந்தப் பெண்மணியை அனுப்பாதீர்கள்."

"இருக்கலாம் என்பதில் உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்?"

"விதியை மீறி உங்களைக் கூப்பிடும் அளவுக்கு நிச்சயம். அதற்கு மேல் இல்லை."

அந்தப் பக்கமும் மௌனம். எனக்குத்தான் மௌனத்தைப் படிக்கத் தெரியுமே. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த டாக்டரம்மாவும் யோசிக்கிறார், அவரும் முன்னால் சாய்கிறார். "நல்லது. அவரை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். ரிசீவரை மூடாமலே யாரிடமோ திரும்பி, ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள் என்று சொன்னது எனக்குக் கேட்டது. மஞ்சுநாத் சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நோரின் வந்தாள், பின்னாலேயே பிரியாணிக் கையோடு டாக்டர். கோயில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, குடையில்லாமல், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். டாக்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து படத்தை வரவழைத்தார். நான் அவர் பின்னால் நின்று அன்றுதான் முதல் தடவையாக ஒரு ஸ்கேனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். மண்டை ஓட்டின் உள்பக்கம், வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு வெளுப்பு. இருக்கிறது என்று நினைத்தால் இருந்தது, கண்ணைச் சிமிட்டினால் காணவில்லை. இதையா இந்தப் பையன் பிடித்தான் என்று அசந்துபோனேன்.

"ஆமா மேடம், சந்தேகமாத்தான் இருக்கு. அதத்தானே சொன்னேன்? ஐ டவுட் எ ப்ளீட்."

"நீங்க சொன்னது அது இல்ல டாக்டர்."

"டவுட்னா சந்தேகம்தானே?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து "சார், ஒரு டவுட்" என்று கை தூக்கி வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். நோரின் முடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"டாக்டர், நான் மழைக்கு ஐ டவுட் இட் சொன்னேன். குடை எடுக்கல. பாருங்க என் நிலைமைய."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையிலிருந்து தரையில் விழுகிற தண்ணீரைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். எழுந்துபோய் ஃபோனை வாங்கி, "ஐ சஸ்பெக்ட்", இருக்குமென்று சந்தேகப்படுகிறேன், என்றார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். சில மணி நேரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். போய்க் கை கழுவினார்.

நம் தொழிலில் முடிவு தெரியாது. ரிப்போர்ட் போய்விட்டால் ஆளும் போய்விடுவார். ஆனால் மறுநாள் நான் எடுத்த மூன்றாவது பதிவில் அதே பேர், அதே எண். ஹெட்ஃபோனில் அதே சேலத்துக் குரல். முந்தின நாள் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் கசிவு பெருகியிருந்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து எடுத்த படம்தான் இது. குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிக்கு முன்னால் நின்றது. நாற்காலிச் சத்தம். "த ப்ளீட் அப்பியர்ஸ் டு ஹாவ் பீன் ஃபுல்லி ரிமூவ்ட்." ரத்தம் முழுதும் அகற்றப்பட்டதாகத் தெரிகிறது.

பதிவு அதோடு நிற்கவில்லை. இன்னும் நீள மௌனம். பிறகு தமிழில், மெதுவாக:

"வசந்தாக்கா, இத டைப் பண்ணாதீங்க. நேத்து அந்தம்மா வீட்டுக்குப் போயிருந்தா... தூக்கத்துலயே போயிருப்பாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா. அவ்ளோதான். தேங்க்ஸ்."

அதுவரை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர். நான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. அழுதுகொண்டே "அப்பியர்ஸ்" என்று அடித்தேன். ஒரு எழுத்து விடவில்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அதற்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும், எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்த டாக்டர் தமிழில் யோசிக்கிறார் என்பது அதற்குத் தெரியாது, "ஐ டவுட்" என்றுதான் அதுவும் அழகாக அடிக்கும். நடுவில் இருக்கிற மூன்று விநாடி அதன் காகிதத்தில் வராது. அதனால் படித்துத் திருத்தாதீர்கள், கேட்டுத் திருத்துங்கள். குரல் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். யாரோ ஒருவருக்கு அங்கேதான் உயிர் இருக்கிறது.

அன்று நோரின் என் கண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். முழுதும் கேட்டாள். அவளுக்கும் மூக்கு சிவந்துவிட்டது.

"வசந்தா, அந்த லேடி சரியாயிடுவாங்களா?"

"நல்லா இருப்பாங்க" என்றேன்.

பழக்க தோஷம், கேட்டுவிட்டாள். ஆனால் இந்த முறை சிரிக்காமல் கேட்டாள்.

"இருப்பாங்கன்னா, வில்லா, மேயா?"

யோசித்துப் பார்த்தேன். இருக்கலாம் என்பதும் அதில் இருந்தது. கட்டாயம் இருப்பார் என்பதும் இருந்தது. இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதும் அதற்குள்ளேயே இருந்தது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற சொல் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன். அவளும் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். அவள் இல்லை என்று சொன்னபோது குரல் எங்கேயும் நிற்கவில்லை.

என்னிடம் நீங்கள் கேட்டது இரண்டு வார்த்தை. அன்று நோரினிடம் சொன்ன அதே இரண்டைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், வில்லா மேயா என்று கேட்காதீர்கள். நல்லா இருப்பீங்க.